வண்டி மூக்குக்குத் தைத்த தோல்

அருளு,

உன் வண்டி பானட்டில், ஓட்டுகிறவர் பக்கம், மூன்று இடத்தில் கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறது. இன்று காலையும் மேலே போட்டிருக்கும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு கடுகு அளவு. ஒன்று உளுத்தம்பருப்பு அளவு. அதன் நடுவில் துரு பிடிக்க ஆரம்பித்துவிட்டது. பத்து மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் செய்யவில்லை. அந்த வெள்ளைப் பெயிண்டில் ஒரு புள்ளி போனால்கூடச் சோறு இறங்காத உன் அம்மாதான் இப்படிச் சும்மா இருக்கிறாள். ஏன் என்று உனக்குத் தெரியும். உன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய் என்று உன் அக்கா மலர் சொன்னாள். மூன்று வருஷ வேலையாம், நடுவில் லீவு கிடைப்பது கஷ்டமாம். பெங்களூரிலிருந்து நேராகச் சென்னைக்குப் போய் அங்கிருந்து ஏறிவிடுவாயாம். வழியில் இருக்கிற ஆம்பூரில் இறங்கமாட்டாயாம். "அப்பா மூஞ்சியப் பாக்கற தெம்பு எனக்கு இல்லக்கா" என்றாயாம். இன்று புதன்கிழமை. எனக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. போன் செய்தால் நீ எடுப்பாய், "சாப்ட்டியாம்மா" என்பாய், நான் அழுவேன், நீ என்னைச் சமாதானம் செய்வாய், கடைசியில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். பத்து மாதமாக அதுதான் நடக்கிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

இதை உறையில் போட்டு ஒட்டவும் போவதில்லை. மலர் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து நம் சொந்தக்காரர்கள் குரூப்பில் போடுவாள். அவளிடம் சொல்லிவிட்டேன். பொய்யை ஆஸ்பத்திரி வராண்டாவில் பத்துப் பேர் எதிரில் சொல்லிவிட்டு, உண்மையை மட்டும் உன் காதில் ரகசியமாகச் சொன்னால் அது என்ன நியாயம்? உன் அத்தை படிக்கட்டும். கணியம்பாடி கல்யாணத்துக்கு வந்த எல்லோரும் படிக்கட்டும். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

எனக்கு ஒரு பொருள் கைக்கு வந்தால் அதைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும் என்ற வெறி சின்ன வயதிலிருந்தே உண்டு. உனக்குப் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்தபோது அதன் கம்பியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரிக்க விட்டேனா? இரண்டு வருஷம் அந்தத் தாளோடுதான் ஓட்டினாய். கடைசியில் தாளைப் பிரித்தபோது உள்ளே தண்ணீர் இறங்கி, மூடாமல் விட்டிருந்த இடத்தைவிட மூடியிருந்த இடம்தான் அதிகம் துருப்பிடித்திருந்தது. நீ சிரித்தாய். நான் கடைக்காரனைத் திட்டினேன். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அப்புறம் நீ வண்டி வாங்கினாய். நம் தெருவில் நான்கு சக்கரம் வந்து நின்ற முதல் வீடு நம்முடையது. முதல் தடவை பெங்களூரிலிருந்து அதில் வந்து இறங்கிய அன்றே, பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால், நான் வண்டியின் மூக்கைத்தான் தடவிப் பார்த்தேன். அங்கே ஒரு புள்ளி பெயிண்ட் இல்லை. வாணியம்பாடிக்கு முன்னால் ஒரு ஜல்லி லாரி, அதிலிருந்து ஒரு கல் தெறித்தது என்றாய். நெடுஞ்சாலையில் ஓடினால் இதெல்லாம் சகஜம்மா என்றாய். எனக்குச் சகஜமாக இல்லை. நான் இருபத்திரண்டு வருஷம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவள். ஷூவில் முதலில் அடிபடுவது மூக்குதான். அதனால் மூக்குக்கு மட்டும் இன்னொரு தோல் கொடுத்து இரட்டைத் தையல் போடுவோம். காருக்கு மட்டும் ஏன் மூக்கைத் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

சூப்பர்வைசரிடம் கெஞ்சி, தழும்பு விழுந்ததால் ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்த தோலில் நல்லதாகப் பார்த்து எடுத்து வந்தேன். பழுப்புத் தோல், கை வைத்தால் வெண்ணெய். செய்தித்தாளை வண்டி மேல் ஒட்டி அளவு எடுத்தேன். உள்ளே மெத்தென்று துணி, ஓரத்தில் எலாஸ்டிக், பானட் இடுக்கில் மாட்ட நான்கு கொக்கி. நம்பர் பிளேட்டுக்கு இடம் விட்டு, விளக்குக்கு இடம் விட்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை தைத்தேன். உன் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில், சாயம் ஏற்றும் டிரம் பக்கம் வேலை செய்தவர், அவருக்குத் தோலைத் தொட்டாலே தெரியும். ஓரத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "மழைக்கு இது ஆவாது, சாயம் வுடும்" என்றார். உங்களுக்கு என் வேலையில் என்றைக்கு நல்லது தெரிந்தது என்று அவர் மேல் பாய்ந்தேன். நீ மட்டும், "சூப்பரா இருக்கும்மா" என்று மாட்டிக்கொண்டு கிளம்பினாய்.

ஆபீசில் உன் தோஸ்துங்க எல்லாம் வண்டிக்கு ஷூ போட்டுவிட்டான் என்று கேலி செய்ததை மலர் சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டேன். நீ ஒரு நாளும் அதைக் கழற்றவில்லை. கழற்றினால் அம்மா வருத்தப்படுவாள் என்று மூன்று மாதம், புரட்டாசி மழை முழுக்க, அதோடேயே ஓட்டியிருக்கிறாய். தீபாவளிக்கு வந்தபோது கழுவலாம் என்று நான்தான் கொக்கியை விடுவித்தேன். உள்ளே போன மண்ணெல்லாம் தோலுக்கும் பெயிண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வண்டி அதிர அதிர உப்புத்தாள் போட்ட மாதிரி தேய்த்திருக்கிறது. ஈரம் வெளியே போக வழியில்லாமல் பெயிண்ட் அங்கங்கே கொப்பளித்திருந்தது. உன் அப்பா சொன்ன மாதிரியே பழுப்புச் சாயம் வெள்ளையில் இறங்கியிருந்தது. ஒரு கல் ஒரு புள்ளியைத்தான் கெடுத்தது. நான் மூக்கையே கெடுத்துவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டேன். நீயோ, "பரவால்லம்மா, வேற அடிச்சிக்கலாம்" என்றாய். நீ ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அருளு. உன்னிடம் எனக்கு இருக்கிற ஒரே குறை அதுதான். என் தப்பையெல்லாம் நீ விழுங்கிவிடுகிறாய்.

பைபாஸ் பக்கத்துப் பட்டறையில் பானட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள். அடித்தவர் வயதானவர், பொறுமையாகப் பேசினார். தோல் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "கல்லு வந்து அடிக்கிறது கம்மிம்மா. நாமதான் வேகமாப் போய் கல்லு மேல மோதறோம். லாரிய வுட்டு தூரமா, மெதுவா வந்தா பாதி கல்லு ரோட்லயே வுழுந்துடும்" என்றார். கண்ணாடி மாதிரி ஒரு பிலிம் இருக்கிறது, வேண்டுமானால் அதை ஒட்டிக்கொள்ளலாம், புதுப் பெயிண்ட் ஒரு மாதம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்றார். அப்படியும் புள்ளி போனால், சின்னதாக இருக்கும்போதே சுத்தம் செய்து ஒரு துளி பெயிண்ட் வைத்துவிட வேண்டும், விட்டால் உள்ளே துரு ஓடும் என்றார். அவர் சொன்னதில் புதுப் பெயிண்ட், ஒரு மாதம் ஜாக்கிரதை என்ற ஒன்றைத்தான் நான் காதில் வாங்கினேன். தூரமாக வா, மெதுவாக வா என்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஒரு மாதம் முடிவதற்குள் கணியம்பாடி கல்யாணம் வந்தது. உன் அத்தை பெண்ணுக்கு. சாப்பாடு முடிந்து மத்தியானம் கிளம்பினோம். நீ ஓட்ட, அப்பா முன்னால், நான் பின்னால். அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். பஸ்ஸில் கண் மூடமாட்டார், ஆட்டோவில் கம்பியை விடமாட்டார், உன் அக்கா வீட்டுக்காரர் ஓட்டினால் வழியெல்லாம் பிரேக் போடுவார். நீ ஓட்டினால் மட்டும் வண்டி கிளம்பின கையோடு தூங்கிவிடுவார். அன்றைக்கும் வழியில் வருகிற பாகாயம் இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கும்போதே குறட்டை. முன்னால் ஒரு டிப்பர் லாரி, தார்ப்பாய் போடாமல் ஜல்லி ஏற்றிக்கொண்டு போனது. டிங் என்று ஒரு சத்தம். இன்னொரு டிங். நீ வேகத்தைக் குறைத்துப் பின்னால் வந்தாய். பட்டறைக்காரர் சொன்னதைச் செய்தாய். மூன்றாவது கல் பட்டது. அதற்குமேல் நான் நானாக இல்லை.

இப்போது எழுதப் போவதை அத்தை இரண்டு தடவை படிக்கட்டும். "கல்லு அடிக்குதுடா, லாரியத் தாண்டிப் போ" என்றேன். "இரும்மா, வளைவு வருது" என்றாய். எனக்கு அது காதில் ஏறவில்லை. உன் சீட்டைப் பின்னாலிருந்து கையால் குத்தினேன். "உனக்கு இன்னா, பெயிண்ட் போனா நான்தானே அழுவணும், போடான்றேன்ல" என்றேன். அருளு, நீ என்னைக் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்தாய். அப்புறம் லாரியைத் தாண்டப் போனாய். வளைவில் கரும்பு டிராக்டர் எதிரில் வந்தது. நீ பிரேக் போட்டு இடது பக்கம் ஒடித்தாய், வண்டியின் இடது பக்கம் லாரியின் பின் மூலையில் போய் மாட்டியது. அந்தப் பக்கம்தான் உன் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

வேலூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் உன் அத்தை கல்யாணப் பட்டுப்புடவையோடு ஓடி வந்து, "இன்னா அண்ணி ஆச்சு, எப்படி ஆச்சு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் யோசித்துப் பொய் சொல்லவில்லை. நான் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டால் உள்ளே கிடக்கிறவரின் கால் நசுங்கிய பழி என் தலையில் வந்து விழும் என்ற பயம் ஒன்றுதான். வாய் தானாகச் சொன்னது. "நான் மெதுவாப் போடா, மெதுவாப் போடான்னு சொல்லிக்கினே வந்தேன், கேக்கல." நீ நெற்றியில் கட்டோடு நான்கு அடி தள்ளி, டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். கேட்டாய். ஒரு தரம் என்னைப் பார்த்தாய். டீயைக் கீழே வைத்துவிட்டு மாத்திரை வாங்கப் போய்விட்டாய். நீ திரும்பி வருவதற்குள் அந்தப் பொய் வராண்டா முழுக்கப் போய்விட்டது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் கண் விழித்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் கண் விழித்தபோது எனக்கு முன்னால் அத்தை சொல்லிவிட்டாள்.

அப்பா உன்னைக் கூப்பிட்டார். நானும் கட்டிலின் கால்பக்கம் நின்றிருந்தேன். முட்டியில் கம்பி வைத்திருந்தார்கள், இனி அந்தக் கால் மடங்காது என்று அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். "உங்கம்மா பேச்சக் கேட்டிருந்தா நான் இப்படிப் படுத்திருப்பனாடா" என்றார். நீ, "இல்லப்பா, என் தப்புதான்" என்றாய்.

அம்மா பேச்சைக் கேட்டதால் வந்த வினையை, கேட்காததால் வந்தது என்று ஒத்துக்கொண்டாய். அதற்கு மேல் அவர் உன்னோடு பேசவில்லை. நீ வண்டியைச் சரி செய்து கொண்டுவந்து விட்டுவிட்டு, சாவியை டிவி மேல் வைத்துவிட்டு ரயிலில் போனாய். இடது பக்கம் முழுக்கப் புதிதாக மாற்றிப் பெயிண்ட் அடித்தார்கள். வலது பக்கம் இருந்த மூன்று கல் காயத்தையும் மூடட்டுமா என்று பட்டறைக்காரர் கேட்டபோது வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். அதையும் மூடிவிட்டால் அன்றைக்கு நடந்ததற்கு உன்னையும் என்னையும் விட்டால் வேறு எதுவும் சாட்சி இருக்காது. பொங்கலுக்கு நீ வந்தாய். அப்பா சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ அரை மணி நேரம் கட்டிலருகில் நின்றுவிட்டு, பொங்கலைக்கூடத் தொடாமல் போய்விட்டாய். நான் அடுப்படியில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பொம்பளை நான், சொல்லு. பெயிண்டில் ஒரு புள்ளி போனால் ஊரைக் கூட்டுகிறவள், பெற்ற பிள்ளை தலை குனிந்து வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதோ, இந்த வரி வரைக்கும் எழுதிவிட்டேன். இதைக் குரூப்பில் போட்டால் உன் அப்பா யாரோ வாசித்துக் காட்டித் தெரிந்துகொள்வார். அதுவும் ஒரு கோழைத்தனம்தான். பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகிறேன். திரும்பி வந்து எழுதுகிறேன். என்ன ஆனாலும் எழுதுகிறேன்.

சொல்லிவிட்டேன்.

அவர் காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் சீட்டைக் குத்தினதையும் சொன்னேன். "மறுபடி சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் கடலைத் தோலைத் தட்டில் கொட்டிவிட்டு, "அப்போ அவன் இன்னாத்துக்கு அவன் தப்புன்னான்" என்று கேட்டார். "எனக்கோசரம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வீட்டை விட்டே போகிறாரோ என்று பின்னாலேயே ஓடினேன்.

வண்டி நிற்கிற ஷெட்டுக்குத்தான் போனார். இந்தப் பத்து மாதத்தில் அவர் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை, வண்டியைத் தெருவில் கொண்டுபோய் விடு என்றுகூட ஒரு தரம் கத்தியிருக்கிறார். துணியை உருவித் தரையில் போட்டார். நான் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தேன். இடது பக்கக் கதவைத் திறந்து, சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, முதலில் உடம்பை உள்ளே வைத்தார். மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைக்கப் பார்த்தார், முட்டிக்கொண்டது. நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். நான்காவது தடவை உள்ளே போய்விட்டது. சட்டையெல்லாம் வியர்வை. கதவைச் சாத்திக்கொண்டார். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

அது நடந்து மூன்று மணி நேரம் ஆகிறது. சோறு கொண்டுபோய் நீட்டினேன், வாங்கவில்லை. மலர் வந்து கெஞ்சினாள், அவளிடமும் பேசவில்லை. நான் அவர் பக்கத்து ஜன்னலில் நின்று, பிள்ளைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், என்ன எழுதட்டும் என்று கேட்டேன். உன்னைத் திட்டினதற்கு மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன், ஆனால் அந்த வார்த்தை அவருக்கு வராது என்று உனக்கும் தெரியும். முன் கண்ணாடி வழியாகப் பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று புள்ளியும் அவர் கண்ணில் பட்டிருக்கும். அப்புறம் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவன் வந்து வண்டிய எடுத்தா நான் தூங்குவேன்னு எழுது."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மன்னிப்பு வேண்டாம், அருளு. நீ வந்தாலும் என்னோடு பேச வேண்டாம். நான் பின் சீட்டில் ஏறமாட்டேன், வாசலிலேயே நின்றுகொள்கிறேன். அவரை ஏற்றிக்கொண்டு ஆம்பூர் டவுனை ஒரு சுற்று சுற்றிவிட்டு, அப்புறம் நீ எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போ. ஜல்லி லாரி வந்தால் பின்னாலேயே வா, கல் பட்டால் படட்டும், பானட் முழுக்கப் புள்ளியானாலும் ஆகட்டும். சாவி வண்டியிலேயே இருக்கிறது. உன் பக்கத்துக் கதவைப் பூட்டாமல் வைத்திருக்கிறேன். அவர் இன்னும் இறங்கவில்லை, பெல்ட்டையும் கழற்றவில்லை. கண்ணை மூடாமல் உட்கார்ந்திருக்கிறார். வந்துடு கண்ணு.

அம்மா